உயேச்சி வீட்டுக் கராத்தே – 4: மில் குடியிருப்பில் உடைந்த மௌனம்

இதுவரை: ஓக்கினாவாத் தீவின் வடக்கே, மோத்தோபு தீபகற்பத்தின் இசுமி கிராமத்தில் 1877 இல் பிறந்தவர் உயேச்சி கான்பூன். ஜப்பானிய ராணுவத்தின் கட்டாய ஆள்சேர்ப்பு தன் தீவை எட்டுவதற்கு முன்பே, 1897 இல், கடல் கடந்து சீனத்தின் ஃபூஜோ நகருக்குப் போனார். ஷூ ஷிவா என்று ஓக்கினாவாக்காரர்கள் அழைக்கும் ஆசானிடம் சுமார் 10 ஆண்டுகள் பயின்றார். பிறகு ஃபூஜியன் மாகாணத்திலேயே சொந்தமாகப் பயிற்சிக்கூடமும் நடத்தினார். வறட்சிக் காலத் தகராறு ஒன்றில் அவருடைய மாணவர் கையால் ஓர் உயிர் போனது. ஊர்ப் பழி ஆசான்மேல் விழுந்தது. 1910 இல் அவர் தாயகம் திரும்பினார். இனி யாருக்கும் கற்பிப்பதில்லை என்று உறுதி பூண்டார். சீடர் மரபு சொல்லும் கதை இது. திரும்பியவர் மணம் முடித்து உழவுக்குப் போனார். 1911 இல் மகன் கானெய் பிறந்தான்.

அதன்பின் 14 ஆண்டுகள் அந்தக் கைகள் மண்ணைத்தான் தொட்டன. இன்று உலகின் பல நாடுகளில் உயேச்சி-ரியூ என்ற பெயரில் பயிலப்படும் ஒரு கலை, அந்த 14 ஆண்டுகளில் ஒரே ஒரு விவசாயியின் உடம்பில் மட்டும் குடியிருந்தது. அவர் காய்ச்சலில் படுத்து இறந்திருந்தால் கலையும் அவரோடு போயிருக்கும்.

பிறகு அவர் கற்பிக்கத் தொடங்கினார். ஏன்? உயேச்சி குடும்பத்தின் வரலாற்றில் இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. வழக்கமாகச் சொல்லப்படும் விடை, ஓர் ஆசானின் மனம் இளகியது என்பது. அந்த விடை போதாது என்பதே இந்தப் பகுதியின் வாதம். கான்பூனின் மௌனத்தை உடைத்தது வக்காயாமா நகரத்து மில் தொழிலாளர்களின் தேவை. இந்தக் குடும்பக் கலை குடும்பத்தின் வீட்டில் பிறக்கவில்லை. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர்களின் குடியிருப்பில் பிறந்தது. இதை ஏற்றுக்கொண்டால், பின்னால் வரும் வாரிசுச் சண்டைகள் எல்லாம் வேறு வெளிச்சத்தில் தெரியும்.

மௌனத்துக்கு மூன்று விளக்கங்கள்

முதலில் மௌனத்தையே விசாரிப்போம். அதற்கு மூன்று விளக்கங்கள் உண்டு. முதலாவது, மேலே சொன்ன சபதம். தன் மாணவனின் கை ஓர் உயிரைப் பறித்ததால் மனம் நொந்த ஆசான், கற்பித்தலையே துறந்தார் என்பது. இது நெஞ்சைத் தொடும் கதை. ஆனால் இது வாய்வழியாகவே நமக்கு வந்தது. அதுவும் அவருடைய மாணவர்களின் மாணவர்கள் வழியாக. இறந்தவர் யார், வழக்கு ஏதும் நடந்ததா என்பதற்குக் கையில் ஆவணம் இல்லை. ஆகவே சபதத்தை நடந்த சங்கதி என்று எழுதிவைக்காமல், மரபின் நினைவு என்று வைத்துக்கொள்வதே நேர்மை. அதற்காக அதைத் தூக்கி எறியவும் வேண்டியதில்லை. 1910 இல் திரும்பியவர் ஓக்கினாவாவில் பயிற்சிக்கூடம் திறக்கவில்லை என்ற உண்மை சபதக் கதையை நம்பி நிற்கவில்லை. கதை, அந்த உண்மைக்குச் சொல்லப்பட்ட காரணம்தான்.

இரண்டாவது விளக்கம் அச்சம். கான்பூன் ஆள்சேர்ப்புக்குத் தப்பி வெளியேறியவர். அப்படிப்பட்டவர் ஊர் திரும்பியதும் நாலு பேர் பார்க்கக் கையைக் காலை வீசினால், காவல்துறையின் கண்ணில் படுவார். தலையைத் தாழ்த்திக்கொண்டு இருந்துவிடுவதே புத்தி. இந்த விளக்கம் பாதி தூரம் சரியாக வருகிறது. 1910 இல் அவருக்கு வயது 33. அன்றைய ஜப்பானியச் சட்டப்படி ஆண்களுக்கு 40 வயதுவரை ராணுவக் கடமை உண்டு. அப்படியானால் 1917 வரை அவர் அடங்கியிருந்ததற்குப் பொருள் இருக்கிறது. அதற்குப் பிறகு? 1917 இலிருந்து 1924 வரை இன்னொரு 7 ஆண்டுகள் அவர் இசுமியிலேயே இருந்தார், அப்போதும் கற்பிக்கவில்லை. அச்சம் மட்டுமே பூட்டு என்றால், அது தானாகத் திறந்திருக்க வேண்டிய காலத்திலும் திறக்கவில்லை.

மூன்றாவது விளக்கத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. என் கணிப்பில் அதற்குத்தான் கனம் அதிகம்: அன்றைய ஓக்கினாவாவில் அவருக்கென்று ஓர் இடம் இருக்கவில்லை. கராத்தே அப்போது பழைய தலைநகரமான ஷூரியிலும் துறைமுக நகரமான நாஹாவிலும் வேர்விட்ட கலை. 1901 முதலே பள்ளிக்கூடங்களுக்குள் நுழையத் தொடங்கியிருந்தது. ஷூரியின் முதுபெரும் ஆசான் இத்தோசு ஆன்கோ, இந்தக் கலை மாணவர்களின் உடல்நலத்துக்கும் நாட்டுக்கும் எப்படிப் பயன்படும் என்று 1908 இல் பத்துக் குறிப்புகளாக எழுதி அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுபோனார். ஆசிரியர்கள், அலுவலர்கள், பழைய அரசவைக் குடும்பத்தினர் என்று படித்தவர்களின் வட்டமாக அது மாறிக்கொண்டிருந்தது. வடக்குக் காட்டுப்பகுதியின் உழவர் ஒருவர், சீனத்தில் கற்ற, ஓக்கினாவாவில் யாரும் அறியாத மூன்றே மூன்று கட்டாக்களை (வரிசை மாறாத பயிற்சி அசைவுத் தொகுப்புகளை) கையில் வைத்துக்கொண்டு அந்த வட்டத்துக்குள் எந்த வாசல் வழியாக நுழைவது?

ஆனாலும் அவர் திறமை ஊருக்குத் தெரியாமல் இல்லை. நாஹாவில் தேயிலை வணிகம் செய்த கோகென்கி என்ற சீனர், ஃபூஜியனின் வெண்கொக்குக் குத்துக்கலையில் தேர்ந்தவர். கான்பூனின் பெருமையை நாஹாவில் சொன்னவர் அவரே என்றும், கேள்விப்பட்டுத் தேடி வந்தவர்களைக் கான்பூன் திருப்பி அனுப்பினார் என்றும் மரபு சொல்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, வந்தவர்கள் எதற்காக வந்தார்கள் என்பது. ஆர்வத்தினாலும் புகழைக் கேள்விப்பட்டும் வந்தவர்கள் அவர்கள். அவர் கற்பித்தால் அவர்களுக்கு ஒரு வித்தை கூடும். மறுத்தால் வேறு ஆசானிடம் போவார்கள். மறுப்பினால் யாருக்கும் எதுவும் குறையவில்லை. இப்படிப்பட்ட வேண்டுகோளைத் தட்டிக்கழிப்பது எளிது.

நஞ்சைத் தின்ற தீவு

1924 இல் கான்பூன் ஊரைவிட்டுக் கிளம்பினார். வயது 47. இந்த முறை வித்தை தேடிப் போகவில்லை. கூலி தேடிப் போனார். முதல் உலகப்போர்க் காலத்தில் ஏறிய சர்க்கரை விலை, 1920 இல் சரிந்தது. ஓக்கினாவாவின் பொருளாதாரமோ கரும்பை நம்பியே நின்றது. விலை விழுந்ததும் வங்கிகள் ஆட்டம் கண்டன. உழவர்கள் கடனில் மூழ்கினார்கள். அரிசியும் இல்லை, சர்க்கரைவள்ளிக்கிழங்கும் இல்லை என்ற நிலையில் மக்கள் சோத்தெட்சு என்ற செடியை நாடினார்கள். நம் ஊர்த் தோட்டங்களில் அழகுக்கு வைக்கும் சைகஸ் வகையைச் சேர்ந்தது அது. தண்டிலும் விதையிலும் மாவுச்சத்து இருக்கிறது, கூடவே நஞ்சும் இருக்கிறது. சீவி, நாள்கணக்கில் நீரில் ஊறவைத்து, நொதிக்கவிட்டு, அலசி, காயவைத்த பிறகே உண்ணலாம். பசி அவசரத்தில் ஒரு படி தவறினாலும் உயிருக்கு ஆபத்து. அந்தக் காலத்தை ஓக்கினாவா மக்கள் இன்றும் சோத்தெட்சு நரகம் என்றே நினைவுகூர்கிறார்கள்.

நரகத்திலிருந்து வெளியேறும் வழி கப்பல்தான். ஹவாய்க்கும் பிரேசிலுக்கும் பெருவுக்கும் போனவர்கள் உண்டு. பயணச் செலவுக்கு வழி இல்லாதவர்கள் ஒசாக்கா வட்டாரத்துப் பஞ்சாலைகளுக்குப் போனார்கள். ஒசாக்காவுக்குத் தெற்கே உள்ள வக்காயாமா, பருத்தி ஃபிளானல் துணிக்குப் பேர்பெற்ற ஊர். ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது, தீவுக்குக் கூலி தேவைப்பட்டது. கான்பூனும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக ஆலை வேலையில் சேர்ந்து, ஆலை கட்டிக்கொடுத்த குடியிருப்பில் குடியேறினார்.

அங்கே ஓக்கினாவாக்காரர்கள் ஜப்பானியக் குடிமக்கள். ஆனால் அண்டைவீட்டார் கண்ணில் அந்நியர்கள். 1903 இல் ஒசாக்காவில் நடந்த தேசியத் தொழிற்கண்காட்சியின் வாசலில், ஓக்கினாவாப் பெண்கள் இருவரைக் காட்சிப்பொருளாக உட்காரவைத்துக் கட்டணம் வாங்கினார்கள். தீவு முழுவதும் கொதித்தெழுந்த பிறகே அவர்களை விலக்கினார்கள். இருபது ஆண்டுகள் கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. கொரியர்களுக்கும் ரியூக்யூக்காரர்களுக்கும் (அதாவது ஓக்கினாவாக்காரர்களுக்கும்) இடமில்லை என்று விடுதி வாசல்களில் பலகை தொங்கிய காலம் அது. பேச்சைக் கேட்டுச் சிரிப்பு, பெயரைக் கேட்டுச் சுளிப்பு, கூலியில் பாகுபாடு. 1924 இல் ஒசாக்கா வட்டாரத்து ஓக்கினாவாக்காரர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்ததும் இந்த நெருக்கடியில்தான்.

அதே 1924 இல் இன்னொன்றும் நடந்தது. தோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஃபுனாகோஷி கிச்சினின் வழிகாட்டலில் முதல் பல்கலைக்கழகக் கராத்தே மன்றம் தொடங்கியது. ஷூரியின் பள்ளி ஆசிரியரான ஃபுனாகோஷி, 1922 இல் கல்வி அமைச்சகம் நடத்திய உடற்கல்விக் கண்காட்சிக்காகத் தலைநகர் வந்தவர். ஜூடோவின் தந்தை கானோ ஜிகோரோவின் அழைப்பில் அவருடைய பள்ளியான கொடோகானில் செய்து காட்டியவர். கராத்தே ஜப்பானின் பெருநிலத்துக்கு வந்த கதையை எழுதுவோர் பெரும்பாலும் இந்த வழியைத்தான் எழுதுகிறார்கள்: அமைச்சகம், கொடோகான், பல்கலைக்கழகம். அதே ஆண்டில் அதே கடலைக் கடந்து, கூலி மூட்டையோடு இன்னொரு கராத்தேயும் வந்து இறங்கியது. அதை வரவேற்க யாரும் வரவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் உயேச்சி வீட்டின் தனித்தன்மை புரியும். ஒன்று, மேலிருப்பவர்களின் ஏற்பைத் தேடி வந்த கலை. மற்றொன்றை, கூட இருப்பவர்கள் இழுத்து வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரரின் கேள்வி

இழுத்தவர் பெயர் தோமொயோசே ரியூயூ. கான்பூனைப் போலவே ஓக்கினாவாக்காரர், வயதில் மிக இளையவர், அதே குடியிருப்பில் இருந்தவர். கான்பூன் சீனத்தில் பயின்றவர் என்ற செய்தி அவர் காதுக்கு எட்டியிருந்தது. நேரே போய்க் கற்றுத்தரச் சொன்னால் என்ன பதில் வரும் என்பதும் தெரிந்திருக்கும். ஆகவே அவர் வேறு வழியில் போனார். இன்னார் இப்படிப் பிடித்தால் என்ன செய்வது, அங்கே நடந்த சண்டையில் அவன் இப்படி அடித்தான், நான் இப்படித் தடுத்தேன், சரிதானா என்று, நடந்ததையும் நடக்கக்கூடியதையும் கேள்விகளாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். கான்பூன் முதலில் வாயால் பதில் சொன்னார். பிறகு கையால் காட்டினார்.

அந்தக் கணத்தில் சற்று நிற்போம். தவறான தடுப்பு ஒன்றைக் கண்ணெதிரே பார்க்கும்போது, தேர்ந்த ஆசான் எவராலும் சும்மா இருக்க முடியாது. முழங்கையின் இடத்தைத் திருத்த நீளும் கை, கற்பிக்கும் கை. தான் சபதத்தை மீறுகிறோம் என்று கான்பூன் அப்போது எண்ணியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. நாளைக்கு ஆலை வாசலில் அடிவாங்கப்போகிற ஒருவனுக்கு, அடி விழாமல் இருக்க ஒரு வழி சொல்கிறார், அவ்வளவுதான். ஆனால் கேள்விகள் நிற்கவில்லை; ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்விக்கு வழி விட்டது. ஒருநாள் தோமொயோசே வெளிப்படையாகவே கேட்டார், இன்னும் சிலரையும் சேர்த்துக்கொண்டு. 1925-26 வாக்கில் ஆலைக் குடியிருப்புக்குள்ளேயே, ஓக்கினாவாத் தொழிலாளர்களுக்கு மட்டுமான ஒரு சிறு பயிற்சிக்கூடம் இயங்கத் தொடங்கியது. மௌனம் முடிந்தது.

இசுமியில் கேட்டவர்களுக்கும் வக்காயாமாவில் கேட்டவர்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டில்தான் விடை இருக்கிறது. இசுமிக்கு வந்தவர்கள் ஒரு வித்தையைக் கேட்டார்கள். வக்காயாமாவில் இருந்தவர்கள் பாதுகாப்பைக் கேட்டார்கள். முன்னவர்களை மறுத்துவிட்டு அவர் தன் வயலுக்குப் போக முடிந்தது. பின்னவர்களை மறுத்தால், மறுநாள் அதே தறிக்கும் அதே கிணற்றடிக்கும் அவர்களோடுதான் போக வேண்டும். ஒருவன் உதடு கிழிந்து வந்தால் அது அவர் கண்முன் நடக்கும். சபதக் கதையை உண்மை என்றே எடுத்துக்கொண்டாலும் இந்த வாதம் வலுக்கிறதே தவிரத் தளரவில்லை. கற்பித்ததால் ஓர் உயிர் போனது என்ற குற்ற உணர்வுதான் பூட்டு என்றால், கற்பிக்காததால் தன்னவர்கள் அடிபடுகிறார்கள் என்ற உணர்வைத் தவிர வேறெதுவும் அதற்குச் சாவியாக இருந்திருக்க முடியாது.

எதிர்க்கேள்விகள்

இங்கே சில நியாயமான எதிர்க்கேள்விகள் எழும். முதலாவது: தோமொயோசேயின் கேள்விகளைப் பற்றிய கதையும் வாய்வழி மரபுதானே? அவர் பின்னாளில் இந்தப் பள்ளியின் தூண்களில் ஒருவரானார். அவர் வழியில் வந்தவர்கள் தங்கள் முன்னோடியை உயர்த்திச் சொல்லியிருக்கலாமே? இருக்கலாம். அந்த உரையாடல்கள் எந்த வரிசையில், எந்தச் சொற்களில் நடந்தன என்பதில் நான் எதையும் பந்தயம் கட்டமாட்டேன். ஆனால் என் வாதம் உரையாடலை நம்பி நிற்கவில்லை. முதல் பயிற்சிக்கூடம் எங்கே இருந்தது? ஆலைக் குடியிருப்பில். முதல் மாணவர்கள் யார்? ஓக்கினாவாத் தொழிலாளர்கள். யார் சேர்க்கப்படவில்லை? வெளியார். இந்த மூன்றும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

இரண்டாவது: பணத்துக்காகக் கற்பித்திருக்கக் கூடாதா? ஊரில் பஞ்சம், கையில் கூலி, வீட்டில் பிள்ளைகள். கற்ற வித்தையை விற்பதில் இழுக்கும் இல்லையே? இழுக்கு இல்லை, ஆனால் விற்பதுதான் நோக்கம் என்றால் அவர் தேர்ந்தெடுத்த சந்தை விசித்திரமானது. 1925 செப்டம்பரில் 'கிங்' என்ற வெகுஜன இதழ், ஓக்கினாவாவின் மோத்தோபு சோக்கி கியோத்தோவில் வெளிநாட்டுக் குத்துச்சண்டை வீரர் ஒருவரை வீழ்த்திய கதையைப் படங்களோடு வெளியிட்டது. லட்சக்கணக்கானோர் படித்த இதழ் அது. கராத்தே என்றால் என்ன என்று பெருநிலத்து ஜப்பானியர்கள் காசு கொடுத்துக் கேட்கத் தயாராக இருந்த தருணம். வித்தையை விற்க நினைப்பவர் அப்போது ஒசாக்காவிலோ கியோத்தோவிலோ பலகை மாட்டியிருப்பார். கான்பூனோ, பணம் இல்லாத ஆலைத் தொழிலாளர்களுக்கு மட்டும், ஆலைக்குள்ளேயே, கதவைச் சாத்திக்கொண்டு கற்பித்தார். ஆலை வேலையை விட்டுவிட்டுத் தெபிரா என்ற பகுதியில் பொதுமக்களுக்கும் திறந்த பயிற்சிக்கூடம் அமைத்தது 1932 இல்தான். அதுவும் மாணவர்கள் வற்புறுத்தியதால். பணம் நோக்கமென்றால் யாரும் இத்தனை ஆண்டுகள் காத்திருக்கமாட்டார்கள்.

மூன்றாவது எதிர்க்கேள்வி இன்னும் கூர்மையானது. ஒசாக்கா வட்டாரத்தில் ஓக்கினாவாத் தொழிலாளர்கள் எத்தனையோ ஆலைகளில் இருந்தார்கள். இழிவும் அடியும் எல்லா இடத்திலும்தான். தேவைதான் காரணமென்றால் ஆலைக்கு ஒரு பள்ளி முளைத்திருக்க வேண்டாமா? இதற்கு விடை, தேவை மட்டுமே போதும் என்று நான் சொல்லவில்லை என்பதுதான். சீனத்தில் 13 ஆண்டுகள் கழித்த ஒருவர் வேண்டும். அவரை விடாமல் கேட்கும் ஒருவரும் வேண்டும். இரண்டும் ஒரே குடியிருப்பில் அமைந்தது தற்செயல். ஆனால் அதே கான்பூன் 14 ஆண்டுகள் இசுமியில் இருந்தபோது ஒன்றும் நடக்கவில்லை. ஆசான் இரண்டு இடத்திலும் ஒருவரே, மாறியது சுற்றம். காரணத்தை, மாறாத ஒன்றில் தேடுவதைவிட மாறிய ஒன்றில் தேடுவதே முறை.

நான்காவதாக, இப்படிச் சொல்வது ஆசானைச் சிறுமைப்படுத்துவது ஆகாதா என்று இந்தக் கலையைப் பயில்பவர்கள் கேட்கலாம். மாறாக, அது அவரை உயர்த்துகிறது என்றே நான் நம்புகிறேன். தன் உறுதியை எந்த நிலையிலும் தளர்த்தாதவரை வியக்கலாம். தன் உறுதியைவிடப் பக்கத்து வீட்டுக்காரரின் உடம்பு பெரிது என்று உணர்ந்தவரை மதிக்க வேண்டும். ஊருக்குள் பேரெடுக்கக் கிடைத்த வாய்ப்பையெல்லாம் தள்ளிவிட்டு, எளியவர்கள் கேட்டபோது கொடுத்தவர் அவர்.

சாத்திய அறைக்குள்

அந்த அறைக்குள் என்ன கற்பிக்கப்பட்டது? பெரும்பகுதி ஒன்றே ஒன்றுதான்: சான்சின். கால்கள் தோள் அகலத்துக்கு, முன்பாதம் சற்றே உள்நோக்கித் திரும்பி, முழங்கால் லேசாக மடங்கி நிற்க வேண்டும். முழங்கைகள் விலாவிலிருந்து ஏறக்குறைய ஒரு கைமுஷ்டி அகலம் விலகியிருக்க, இரு கைகளும் மூடாமல் விரல்கள் மேல்நோக்கி நீண்டிருக்க வேண்டும். அந்த நிலை குலையாமல் ஓர் அடி முன்னே. ஒரு கையை இழுத்து, விரல்நுனிகளால் குத்தி, மீண்டும் பழைய இடம். மறுபடியும் ஓர் அடி. பார்ப்பவருக்கு ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். ஆசான் பின்னால் வந்து இரு தோள்களிலும் உள்ளங்கையால் அறைவார். தொடையை உதைத்துப் பார்ப்பார். இடுப்பைத் தள்ளிப் பார்ப்பார். உடம்பு அசையக்கூடாது, மூச்சு தடுமாறக்கூடாது, பார்வை விலகக்கூடாது. சான்சினை அடுத்து செய்சான், அதன்பின் சான்செய்ரியூ. மொத்தம் மூன்றே கட்டாக்கள். கூடவே, முன்கையோடு முன்கையை மோதவிட்டு எலும்பைத் திடப்படுத்தும் பயிற்சி. கட்டைவிரல் மூட்டால் தாக்குதல். கால் பெருவிரல் நுனியால் உதைத்தல்.

ஆலைக் குடியிருப்புக்கேற்பவே இந்தக் கலை குறுகிய இடத்தில் செய்யும்படி அமைந்தது என்று சொல்லிவிட ஆசை வரும். அது தவறு. மூன்று கட்டாக்களும் ஃபூஜியனிலிருந்து வந்தவை. குறுகிய அசைவும் திறந்த கையும் அங்கேயே இருந்தவை. ஆலை செய்தது வேறு: தேர்வு. வந்த மாணவர்கள் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்தவர்கள். விழாக் காட்சிக்கான வித்தை அவர்களுக்கு வேண்டாம். கல்லூரிப் பட்டமோ நடுவர்களின் பாராட்டோ எட்டாத தூரம். அடி விழுந்தால் தாங்குகிற உடம்பு வேண்டும், நெருக்கத்தில் பிடிபட்டால் விடுவித்துக்கொள்ளத் தெரிய வேண்டும். சான்சின் அதைத்தான் கொடுத்தது. கல்லூரிகளுக்குள் போன கராத்தே, இளைஞர்களின் துடிப்புக்கேற்பக் கால்களை அகல வைத்து, நெடுந்தூரம் பாய்ந்து, போட்டி விளையாட்டை நோக்கி நகர்ந்தது. வக்காயாமாவின் கராத்தே தான் வந்த வடிவத்திலேயே நின்றது. அதை மாற்றச் சொல்ல அங்கே யாருக்கும் காரணம் இருக்கவில்லை. சீன மூலத்துக்கு மிக நெருங்கிய கராத்தே மரபுகளில் ஒன்று என்று உயேச்சி-ரியூ இன்றும் மதிக்கப்படுவதற்கு, குடும்பத்தின் கட்டுப்பாட்டைப் போலவே தொழிலாளர்களின் இந்த வாழ்நிலையும் காரணம்.

மகன் வருகிறான்

1927. இசுமியிலிருந்து ஒரு பையன் வக்காயாமாவுக்கு வந்து சேர்ந்தான். வயது 16. பெயர் கானெய்.

குடும்பக் கலை என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழும் படம், தொட்டில் பருவத்திலிருந்து தந்தை மகனுக்கு ஊட்டி வளர்க்கும் வித்தை. இங்கே நடந்தது நேர்மாறு. தந்தையின் கலையைத் தந்தையிடமிருந்து முதலில் கற்றவர்கள் அக்கம்பக்கத்துத் தொழிலாளர்கள்; மகன் வந்து சேரும்போது அவர்கள் ஏற்கெனவே சான்சினில் நின்றுகொண்டிருந்தார்கள். மகன் கடைசி வரிசையில் போய் நின்றான். பத்தாண்டுகள் அப்படியே கற்றான். 1937 இல்தான் கற்பிக்கும் தகுதி அவனுக்குக் கிடைத்தது. அதன்பிறகு ஒசாக்காவில் தன் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினான். இரத்த உறவு அவனுக்கு ஓர் ஆண்டையும் குறைத்துக் கொடுக்கவில்லை.

1940 இல் பள்ளிக்குப் புதிய பெயர் வந்தது. அதுவரை பங்காய்-நூன் என்ற சீனப் பெயரால் அறியப்பட்ட கலை, உயேச்சி-ரியூ ஆனது. தலைமுறை தலைமுறையாக வரப்போகிற உரிமைக் கோரிக்கைகள் எல்லாம் இந்தப் பெயரில்தான் வந்து நிற்கப்போகின்றன. ஆனால் அந்தப் பெயரைக் குடும்பம் உரிமை கொண்டாடிச் சூட்டவில்லை; ஆசானைப் போற்றி மாணவர்கள் சூட்டினார்கள். அதாவது, கலையைக் கேட்டு வாங்கியவர்களே கலைக்குக் குடும்பப் பெயரையும் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்கு அதில் என்ன பங்கு என்று அன்று யாரும் எழுதிவைக்கவில்லை. நன்றியில் கொடுக்கும்போது பத்திரம் எழுதும் வழக்கம் எங்கும் இல்லை. பிற்காலத் தகராறுகளின் விதை அந்த எழுதாத பத்திரத்தில்தான் இருக்கிறது.

போர் நெருங்கிக்கொண்டிருந்தது. 1942 இல் கானெய் பெருநிலத்தை விட்டு ஓக்கினாவாவின் வடக்கு நகரமான நாகோவுக்குத் திரும்பினார். தந்தை வக்காயாமாவிலேயே இருந்தார். தோமொயோசேயும் அங்கேயே இருந்தார். இப்போது கலை இரண்டு இடங்களில் இருக்கிறது: ஒரு பக்கம் மகனும் பெயரும், மறுபக்கம் ஆசானும் அவர் மௌனத்தை உடைத்த மனிதரும். மூன்றே ஆண்டுகளில் ஓக்கினாவா, பசிபிக் போரின் மிகக் கொடிய களங்களில் ஒன்றாக மாறப்போகிறது. அந்த நெருப்பு அணைந்தபின், வயதான கான்பூன் வக்காயாமாப் பள்ளியை விட்டுவிட்டுத் தீவுக்குக் கப்பல் ஏறும் நாள் வரும். அன்று அவர் பள்ளியை ஒப்படைக்க வேண்டியது யாரிடம்: தன் பெயரைச் சுமக்கும் மகனிடமா, தன் வாயைத் திறக்கவைத்த பக்கத்து வீட்டுக்காரரிடமா?

(தொடரும்)